உறுமலுக்கு எந்தக் கட்டம்?

ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று இரவு காத்திருந்தேன்.

சிங்கப்பூரின் 'ருத்ரா' குழுவைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். 1992இல் இங்கே தொடங்கிய மெட்டல் குழு அது; ராக் இசையிலேயே கனமான, கடுமையான வகை மெட்டல். தங்கள் இசையை வேத மெட்டல் என்று அழைக்கிறார்கள். கிட்டாரின் கரகரப்பு, தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் டிரம்ஸ், நடுவில் திடீரென்று ஒரு சமஸ்கிருத மந்திரம். இதுவரை எழுதிவிட்டேன். பாஸ் கிட்டாரும் வாசித்துக்கொண்டு கதிர் பாடுகிற அந்தக் குரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அதைக் 'குரௌல்' என்பார்கள். மெட்டல் கேட்பவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். தமிழில் என்னவென்று சொல்வது? 'கத்துகிறார்' என்று எழுதினேன். அது உண்மையில்லை. கத்தினால் குரல் உச்சிக்கு ஏறும், இது அடிவயிற்றிலேயே நிற்கிற குரல். 'கர்ஜிக்கிறார்' என்று மாற்றினேன். சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. 'முழங்குகிறார்' என்றால் மேடையில் மைக் பிடித்தவர் ஞாபகம் வருகிறது. அழித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பங்குனி உத்திரம். அம்மாவை அழைத்துக்கொண்டு ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது கோயில் வளாகத்துக்குள் இளைஞர்கள் சிலர் மேளம் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் தவில், அப்புறம் பம்பை. அதற்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் அடியில், ஏதோ ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம். உறுமி.

உறுமல்! அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே அந்தச் சொல்லை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். குரௌலுக்குத் தமிழ் தேடி அகராதியெல்லாம் புரட்டியிருக்கிறேன். அது ஒரு வாத்தியத்தின் பெயராகவே நம்மிடம் இருந்திருக்கிறது.

ஓர் இணைய இசை இதழுக்கு எழுதுகிறேன். எல்லா வகை இசையையும் பற்றி எழுதும் சிறிய இதழ். ஐந்தாறு பேர் சேர்ந்து ஆங்கிலத்தில் நடத்துகிறோம். பகலில் எல்லாருக்கும் வேறு வேலை இருக்கிறது. எனக்குக் கணக்கு வேலை. எட்டு வருடமாக ஜாஸ், இண்டி, எலக்ட்ரானிக் என்று எது கையில் வருகிறதோ அதைப் பற்றி எழுதிவந்தேன். சென்ற ஆண்டுதான் தமிழிலும் ஒரு பக்கம் தொடங்கலாமா என்று கேட்டேன். எங்கள் ஆசிரியர் பழைய பங்க் ராக் ரசிகர், தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர். "நீ எழுது, படிக்கிறவர்கள் படிக்கட்டும், எனக்குப் புரிய வேண்டும் என்று அவசியமில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஊரில் இப்படி ஒரு முயற்சி புதிதல்ல. 'பிக்ஓ' என்றொரு இதழ் இருந்தது. 'பிஃபோர் ஐ கெட் ஓல்ட்' என்பதன் சுருக்கம் அது. எனக்கு வயதாவதற்குள், என்று பொருள். 1985இல் நகலெடுத்த தாள்களாகத் தொடங்கி, முறையான அச்சு இதழாக வளர்ந்து, பிறகு இணையத்துக்குப் போனது. வெளிநாட்டு ராக் பற்றிய கட்டுரைகளோடு, உள்ளூர்ப் பையன்கள் வீட்டில் பதிவுசெய்த கேசட்டைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார்கள். 2011இல் 'பேண்ட்வேகன்' வந்தது. இணையத்திலேயே பிறந்த இதழ். 2018இல் தேசியக் கலைகள் மன்றமும் பேண்ட்வேகனும் சேர்ந்து 'ஹியர்65' என்ற தளத்தைத் தொடங்கின. 65 நம் நாட்டுத் தொலைபேசி எண், நாடு பிறந்த ஆண்டும் அதுதான். உள்ளூர்ப் பாட்டுகளை ஒரே இடத்தில் கேட்க அது வழிசெய்தது.

வெளியே பார்த்தால் 'பிட்ச்ஃபோர்க்'. 1996இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கம் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் தொடங்கியது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை, தசமப் புள்ளியோடு மதிப்பெண் போடுவார்கள். விகடன் படங்களுக்கு மார்க் போட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பும் கோபமும் புரியும். 2015இல் பெரிய பத்திரிகை நிறுவனமான காண்டே நாஸ்ட் அதை வாங்கியது. 2024 ஜனவரியில் ஆண்களுக்கான ஜிக்யூ இதழோடு அதைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள், பலருக்கு வேலை போனது. அன்று இரவு எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அவ்வளவு பெரிய இதழுக்கே இந்த நிலை என்றால் நாமெல்லாம் எதற்கு இதைச் செய்கிறோம் என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருந்திருக்கும். எனக்கு இருந்தது.

எதற்கு என்றால், எழுதாவிட்டால் போய்விடும். ஆர்மீனியன் ஸ்திரீட் 45ஆம் எண் கட்டடத்தை நினைத்துக்கொள்கிறேன். நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் அங்கே 'சப்ஸ்டேஷன்' கலை இல்லத்தைத் தொடங்கினார். பங்க், மெட்டல், ஹார்ட்கோர் என்று வேறெங்கும் மேடை கிடைக்காத பிள்ளைகள் அங்கே வாசித்தார்கள். 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள். அந்த முப்பது வருட இரவுகளில் எத்தனை பேர் வியர்த்து வாசித்தார்கள்! அதில் பாதி பதிவாகவே இல்லை. மீதிக்குச் சாட்சி, யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதிய நாலு பத்திதான்.

சரி, கட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் தளத்தில் ஒரு கட்டுரையைப் பதிவேற்றும்போது 'வகைமை' என்று ஒரு கட்டம் வரும். அதை அழுத்தினால் பட்டியல் விரியும். ராக், பாப், ஹிப்ஹாப், ஜாஸ், மெட்டல், எலக்ட்ரானிக், நாட்டார், செவ்வியல். எல்லாவற்றுக்கும் கீழே, உலக இசை. அதைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டிப் பட்டியல், அதில் ஒன்று 'இந்தியன்'. எட்டு வருடம் இந்தப் பட்டியலைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தமிழ்ப் பக்கம் தொடங்கிய முதல் மாதத்தில்தான் உறுத்தியது.

ஷபிரை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வளர்ந்த பாடகர், இசையமைப்பாளர். 2019இல் வந்த 'சகா' படத்துக்கு அவர் போட்ட 'யாயும்' பாட்டு தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டு, செம்புலப்பெயல்நீரார் எழுதியது. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதே பாட்டு. நம் ஊர்ப் பையன் ஒருவர் அதற்கு மெட்டுப் போட, அதைக் காலேஜ் பிள்ளைகள் பேருந்தில் பாடிக்கொண்டு போனார்கள். எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது. இந்தப் பாட்டை எங்கள் பட்டியலில் எங்கே வைப்பது? கேட்டால் மெல்லிய பாப். ஆனால் தளத்தில் அது 'உலக இசை, இந்தியன்'.

யங் ராஜா தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடுகிறார். அவர் ஹிப்ஹாப். ருத்ராவின் பாட்டில் ஆங்கிலம் இருப்பதால் அவர்கள் மெட்டல். முழுக்கத் தமிழில் பாடினால் மட்டும் தாளம் எதுவானாலும், கிட்டார் எதுவானாலும், கதவு வேறு. இது எங்கள் இதழின் தவறு மட்டுமல்ல. கைப்பேசியில் எந்தப் பாட்டுச் செயலியைத் திறந்தாலும் ராக்குக்கும் ஜாஸுக்கும் பக்கத்தில் 'தமிழ்' என்று ஒரு கட்டம் நிற்கும். தமிழ் ஒரு மொழி. அதில் தாலாட்டும் உண்டு, கானாவும் உண்டு, தேவாரமும் உண்டு. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொடுத்தபோது தமிழ் ராப் என்று ஒன்று இருக்கிறது என்று ஊரே ஒத்துக்கொண்டது. இத்தனையையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு மூடினால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்ப்பார்கள்?

'பல வகை இசை' என்று இதழ்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அலமாரியில் தட்டுகள் கூடிக்கொண்டே போவதால் பயன் இல்லை. மெட்டல் கேட்க வந்தவர் அடுத்த பக்கத்தில் உறுமியைப் பார்த்து, அதில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இதழ்.

இதை நான் எங்கே கற்றேன் என்று யோசித்தால், அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான். ஒரு சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், கொம்பாங் என்ற கைமேளம் முழங்க மாப்பிள்ளை வருவார். அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே ஒரு சீனத் தாத்தாவின் இறுதிச் சடங்கு, ராத்திரி முழுக்க மணியும் ஜால்ராவும் கேட்கும். சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தால் திடலில் கெத்தாய் என்ற பாட்டு மேடை, முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். மேலே மூன்றாவது மாடியில் அம்மாவின் அடுப்படியில் ஒலி 96.8 தமிழ் வானொலி. சன்னலை மூடினாலும் எல்லாம் வீட்டுக்குள் வரும். எந்தக் கட்டத்தையும் அழுத்தாமல் நான் இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அப்பா இன்னும் ஒரு படி மேல். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு ஞாயிறு தவறாமல் போவார். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடினார்கள்; அதற்கு முந்தைய வாரமும் போய்வந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளில் தமிழைவிட மலாய்தான் அதிகம். 1960களின் 'பாப் யே யே' பாட்டுகள். பீட்டில்ஸ் அலை இங்கே அடித்தபோது மலாய் இளைஞர்கள் கிட்டாரைக் கையில் எடுத்து உருவாக்கிய இசை அது. அப்பா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதில் ஒன்றை முணுமுணுப்பார். பொருள் கேட்டால் வரிவரியாகச் சொல்வார். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. உறை இல்லாத ஒரு தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் நடுத்தாளில் நீல மையில் யாருடைய பெயரோ எழுதியிருக்கிறது, பாதி அழிந்துவிட்டது.

உறுமிக்குத் திரும்புகிறேன். அன்று கோயிலில் வாசித்து முடித்து, பந்தலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவரிடம் போய்ப் பேசினேன். இசை இதழில் எழுதுகிறேன், உங்கள் குழுவைப் பற்றி எழுதலாமா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, உறுமியைப் பத்தியா? அதுல என்ன எழுதப் போறீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவருக்கு இருபத்திரண்டு வயது, பதினான்கு வயதிலிருந்து வாசிக்கிறார், ஒருவர்கூட அவரிடம் வாத்தியத்தைப் பற்றிக் கேட்டதில்லையாம்.

பிறகு ஒரு நாள் அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போனேன். உறுமியை மடியில் வைத்துக் காட்டினார். இடுப்பு சிறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டிய கருவி. ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடி. மறுமுகத்தில் அடிப்பதே இல்லை. வளைந்த ஒரு குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்க வேண்டும். என்னிடம் கொடுத்தார். இழுத்தேன். கதவுக் கீல் மாதிரி கீச்சென்றது. "அழுத்துங்கக்கா, ஆனா தள்ளாதீங்க" என்றார். அழுத்தினால் குச்சி நின்றுவிடுகிறது, விட்டால் வழுக்குகிறது. அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை, என் மணிக்கட்டுக்குள் ஏதோ உருண்டதுபோல் அந்தச் சத்தம் வந்தது. காது கேட்பதற்கு முன் கை அதைக் கேட்டது. மெட்டல் பாடகர்கள் தொண்டையைப் பற்றிச் சொல்லும்போது நான் படித்ததும் ஏறக்குறைய இதுதான்: அழுத்தம் வேண்டும், முட்டல் கூடாது.

தைப்பூசத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1973இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதித்தார்கள், பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. தடை இருந்த காலத்தில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி போகும், மேளம் மட்டும் போகாது. நாற்பத்து மூன்று வருடம். ஒரு தலைமுறை முழுக்கத் தெருவில் வாசிக்காமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே கற்றுக்கொண்டு, மலேசியக் குழுக்களிடம் கேட்டுக்கொண்டு, இந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. (சீனப் பாடல்களிலும் இப்படி ஒன்று உண்டு. உள்ளூர்ப் பாடலாசிரியர் லியாங் வென் ஃபூக்கின் 1990ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் சில வரிகள் மாண்டரினில் இல்லாமல் கேன்டனீஸ் மொழியில் இருந்ததால் அது ஒலிபரப்பாகவில்லை. 2013இல்தான் அந்தத் தடை நீங்கியது. எங்கள் ஆசிரியர் இதைச் சொன்ன பிறகுதான் உறுமிக் கட்டுரையின் அருமை அவருக்கு ஏன் உடனே புரிந்தது என்று எனக்குத் தெரிந்தது.)

எழுத உட்கார்ந்தபோது மறுபடியும் சொல் பஞ்சம். தமிழில் இசை விமர்சனம் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். இசையாசிரியனுக்கு, தண்ணுமை ஆசிரியனுக்கு, குழலாசிரியனுக்கு, யாழாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். தண்ணுமை அடிப்பவனுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது, அதுவும் மரியாதையான இடம். நம் காலத்துக்கு வந்தால், 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதினார், பின்னால் சுப்புடு வந்தார். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் அழகானவை: குழைவு, கார்வை, பிருகா, சுநாதம். ஆனால் அவை எல்லாம் கச்சேரிச் சொற்கள். சுநாதம் என்பது இனிய நாதம். உறுமியும் மெட்டல் கிட்டாரும் இனிமைக்காக வாசிக்கப்படுபவை அல்ல. அவற்றின் அழகே அந்தப் பிசிறில், அந்தக் கரகரப்பில் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லாமல் அழகாகச் சொல்லத் தமிழில் சொல் வேண்டும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அம்மா பேசும்போது, கோப்பிக்கடையில், எம்ஆர்டி ரயிலில் காதில் விழும் சத்தச் சொற்களையெல்லாம் அதில் குறிக்கிறேன். கரகரப்பு, கமறல், இரைச்சல், உறுமல், முனகல், நெறுநெறுப்பு, திமுதிமு, தடதட. ஒலி எதிரொலித்து நீளும் 'ரிவெர்ப்' என்பதற்கு 'கிணற்றுக் குரல்' என்று அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ருத்ராவின் பாட்டு ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சாமி வந்தவங்க குரல் மாதிரி இருக்கும்மா" என்றார். எத்தனையோ மெட்டல் விமர்சனம் படித்திருக்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லிப் படித்ததில்லை. கட்டுரையில் அம்மா சொன்னதாகவே போட்டேன்.

ருத்ரா கட்டுரையும் உறுமிக் கட்டுரையும் ஒரே வாரத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அந்தத் தம்பிக்கு இரண்டின் சுட்டியையும் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. பயிற்சி அறையில் ஒரு சிறிய ஸ்பீக்கரில் ருத்ரா ஓடுகிறது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து உறுமியை இழுக்கிறார். ஒரு இடத்தில் பாடகரின் குரலும் உறுமியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. பின்னால் யாரோ "டேய், டேய்!" என்று கத்துகிறார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் வாசிப்பை முழுதாகப் பதிவுசெய்து எங்கள் தளத்தில் ஏற்றினோம். வகைமைக் கட்டம் வந்தது. ஆசிரியரிடம் முன்பே பேசியிருந்தேன். பட்டியலை எடுத்துவிட்டு, நாமே எழுதிக்கொள்ளும்படி வெற்றிடமாக விட்டிருந்தார். 'உறுமி மேளம்' என்று தமிழில் தட்டினேன். அதற்குக் கீழே வாசித்தவர்களின் பெயர்.

தம்பியிடம் கேட்டபோது, பெயர் எல்லாம் எதற்கு, குழுப் பெயர் மட்டும் போதும் என்றார். விடவில்லை. கச்சேரி என்றால் கடம் வாசிக்கிறவர்வரை பெயர் போடுகிறோம் இல்லையா என்று கேட்டேன். சரிக்கா என்றவர், அன்று ராத்திரியே எல்லார் பெயரையும் வாசிக்கும் கருவியோடு சேர்த்து அனுப்பினார். எழுத்துப்பிழை இருந்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று எச்சரிக்கை வேறு. பதினோரு பெயர். பத்துப் பேருக்குப் பக்கத்தில் உறுமி, தவில், பம்பை என்று இருந்தது. பதினோராவது ஒரு தாத்தாவின் பெயர். அதற்குப் பக்கத்தில், குச்சி சீவித் தருபவர்.